மினிகேப் லைசென்ஸ் மறுப்பு: 21 நாள் தாண்டிவிட்டால் என்ன செய்வது?

போன பெப்ரவரியில் ஓர் அண்ணா வீட்டுக்கு வந்தார். கையில் உள்ளூர்க் கவுன்சிலின் கடிதம். மினிகேப் (முன்பதிவு செய்து ஏறும் வாடகைக் கார்) சாரதி லைசென்சுக்கு விண்ணப்பித்தபோது, வேகமாக ஓடியதற்கு விழுந்த 3 தண்டப் புள்ளிகளைப் படிவத்தில் எழுதாமல் விட்டிருக்கிறார்; மறுத்துவிட்டார்கள்.

"நான் கொம்ப்ளெயின்ட் போட்டுட்டன் தம்பி, பதிலைத்தான் காணேல்லை" என்றார்.

கடிதத்தின் கடைசிப் பந்தியில், 21 நாளுக்குள் நீதவான் நீதிமன்றத்தில் 'கொம்ப்ளெயின்ட்' மூலம் மேன்முறையீடு செய்யலாம் என்று இருந்தது. அவர் அந்தச் சொல்லைப் பார்த்து, கவுன்சிலின் இணையத்தளத்தில் இருந்த முறைப்பாட்டுப் படிவத்தை நிரப்பி அனுப்பியிருக்கிறார். அன்றைக்கு 34ஆவது நாள்.

இங்கே 'கொம்ப்ளெயின்ட்' என்பது நீதிமன்றத்தில் வழக்கைத் தொடங்கும் பத்திரத்தின் பெயர். கவுன்சிலுக்கு எத்தனை மின்னஞ்சல் போட்டாலும் 21 நாள் கணக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும். நான் சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும். லண்டனில் லைசென்ஸ் கொடுப்பது டி.எஃப்.எல். என்ற லண்டன் போக்குவரத்து அமைப்பு; அங்கே சட்டம் வேறு என்றாலும் நாள் கணக்கு அதே 21தான்.

படி 1: உண்மையிலேயே தாண்டிவிட்டதா?

கணக்கு தொடங்குவது கடிதத்தில் போட்ட திகதியில் இல்லை, அது உங்களிடம் சேர்ப்பிக்கப்பட்ட நாளில். மார்ச் 3ஆம் திகதி கிடைத்தால் 24ஆம் திகதி கடைசி நாள். தபாலில் போட்ட கடிதம் வழமையாக எத்தனை நாளில் வருமோ அத்தனை நாளில் வந்துவிட்டது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை, பிந்தித்தான் வந்தது என்றால் காட்டவேண்டியது நீங்கள். அதற்குத்தான் உறை வேண்டும், தபால் முத்திரையோடு. அண்ணா உறையை எறிந்துவிட்டார்.

படி 2: கடிதத்தின் கடைசிப் பக்கத்தை வாசியுங்கள்

1936ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் 300ஆம் பிரிவுதான் இந்த மேன்முறையீட்டுக்கு வழி. மறுப்புக் கடிதத்தில் மேன்முறையீட்டு உரிமையையும் அதற்கான காலத்தையும் எழுதியே ஆகவேண்டும் என்கிறது அது. அந்த வரி இல்லாவிட்டால் உடனே ஒரு லைசென்ஸ் சட்டத்தரணியிடம் ஓடுங்கள்.

படி 3: நீதிமன்றத்திடம் மன்னிப்புக் கேட்டு நாளைக் கடத்தாதீர்கள்

பலர் மனமுடைவது இங்கேதான். வருத்தம், சாவு வீடு, ஊருக்குப் போனது என்று எவ்வளவு நியாயமான காரணம் இருந்தாலும் நீதவான்களுக்கு இந்தக் காலத்தை நீட்டும் அதிகாரம் இல்லை. 2009இல் ஸ்டொக்டன்-ஒன்-டீஸ் கவுன்சில் சம்பந்தப்பட்ட வழக்கில் உயர் நீதிமன்றம் அப்படித்தான் தீர்த்தது. இது கொடுமையான சட்டம் என்பது என் எண்ணம். ஆனாலும் சட்டம் அதுதான்.

நீதிமுறை மீளாய்வு என்று ஒன்று உண்டு; கவுன்சில் சட்டப்படி முடிவெடுத்ததா என்று உயர் நீதிமன்றம் பார்ப்பது. தாமதிக்காமல், எப்படியும் 3 மாதத்துக்குள் போகவேண்டும். ஆனால் மேன்முறையீடு என்ற வழி கையில் இருந்தும் ஏன் விட்டாய் என்று அங்கே கேட்பார்கள். செலவும் பெரிது.

படி 4: புதிய விண்ணப்பம்

பெரும்பாலானோருக்கு வழி இதுதான். புதிதாக விண்ணப்பித்தால் கவுன்சில் அதைப் புதிதாகவே பரிசீலிக்க வேண்டும். அதற்கு முதல் அவர்களுடைய கொள்கை ஆவணத்தை எடுத்து, உங்கள் விஷயத்துக்கு எத்தனை வருடம் பொறுக்கச் சொல்கிறார்கள் என்று பாருங்கள்.

பழைய மறுப்பை மறைக்கவே வேண்டாம். 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இங்கிலாந்தில் பயணிகள் பாதுகாப்பு, வீதிப் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்கான மறுப்புகள் ஒரு தேசியப் பதிவேட்டில் ஏறுகின்றன. அப்படி ஏறியிருந்தால், பக்கத்துக் கவுன்சிலுக்குப் போனாலும் அவர்கள் அதைப் பார்ப்பார்கள்.

அண்ணா தன் விளக்கக் கடிதத்தை "நான் இருபது வருடமாக நேர்மையாக உழைப்பவன்" என்று தொடங்கியிருந்தார். அதை வெட்டினோம். எந்த நாள், எந்த வீதி, எத்தனை மைல் வேகம், எத்தனை புள்ளி, ஏன் எழுதவில்லை என்று ஐந்து வரி எழுதினோம். சாரதி அனுமதிப்பத்திரங்களைக் கவனிக்கும் டி.வி.எல்.ஏ.யில் உள்ள அவருடைய பதிவின் பிரதியையும் சேர்த்தோம். படிக்கும் அதிகாரிக்குத் தேவை அந்த ஐந்து வரிதான்.

படி 5: மறுபடி மறுத்தால்

புதிய மறுப்புக்குப் புதிய 21 நாள். கடிதம் வந்த அன்றே உறையில் பேனாவால் திகதியை எழுதுங்கள். அடுத்த நாளே நீதவான் நீதிமன்ற அலுவலகத்துக்கு அழைத்து, லைசென்ஸ் மேன்முறையீட்டுக்குக் கொம்ப்ளெயின்டை எப்படித் தாக்கல் செய்வது, கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். அனுப்பியதற்கு அத்தாட்சி வைத்திருங்கள். ஒரு பிரதியைக் கவுன்சிலுக்கும் அனுப்பலாம், ஆனால் நீதிமன்றத்துக்குப் போன பிறகு.