ஹசார்டு ரேஷியோவையும் நிகழ்வு வீதத்தையும் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2002 ஜூலையில் அமெரிக்காவின் விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் ஆய்வின் ஒரு பகுதி பாதியிலேயே நிறுத்தப்பட்டது. மாதவிடாய் நின்ற, 50 முதல் 79 வயது வரையான 16,608 பெண்கள் அதில் இருந்தார்கள். ஒரு பிரிவுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை, மறு பிரிவுக்கு வெற்று மாத்திரை. சராசரியாக 5.2 ஆண்டுகள் கவனித்திருந்தார்கள். ‘மார்பகப் புற்றுநோய் 26% கூடுகிறது’ என்ற செய்தி பரவியதும் மாத்திரையைக் கைவிட்ட பெண்கள் ஏராளம்.

26% என்பது பொய்யில்லை. ஹசார்டு ரேஷியோ, அதாவது மருந்துப் பிரிவில் நோய் வரும் வேகத்தை மறு பிரிவில் வரும் வேகத்தோடு ஒப்பிட்ட விகிதம், 1.26. அதிலிருந்து வந்த எண் அது. ஆனால் பலர் அதை ‘நூறு பேரில் 26 பேருக்குக் கூடுதலாக வரும்’ என்று புரிந்துகொள்கிறார்கள். அந்த ஆய்வறிக்கையின் அட்டவணையிலேயே நிகழ்வு வீதத்தை, அதாவது குறிப்பிட்ட எண்ணிக்கை ஆட்களில் ஓராண்டில் எத்தனை பேருக்கு நோய் வந்தது என்பதை, பாருங்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 10,000 பேருக்கு ஆண்டுக்கு 30, மருந்து எடுத்தவர்களில் 38. கூடுதலாக வந்தது 8. விகிதம் ஒன்று சொல்கிறது, வித்தியாசம் வேறொன்று சொல்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் எழுதுவதுதான் முதல் தவறு.

அடுத்தது, இரண்டு நோய்களின் ஹசார்டு ரேஷியோவை நேருக்கு நேர் ஒப்பிடுவது. இதே ஆய்வில் நுரையீரலில் ரத்தக்கட்டி அடைப்பதற்கான ஹசார்டு ரேஷியோ 2.13. பக்கவாதத்துக்கு 1.41, மார்பகப் புற்றுநோய்க்கு 1.26. எதற்கு அதிகம் பயப்பட வேண்டும்? 2.13-க்குத்தான் என்று தோன்றும். ஆனால் வீதங்களைப் பாருங்கள்: ரத்தக்கட்டி 10,000-க்கு 8-லிருந்து 16, பக்கவாதம் 21-லிருந்து 29, மார்பகப் புற்றுநோய் 30-லிருந்து 38. மூன்றிலும் கூடுதல் அதே 8தான். அடிப்படை வீதம் சிறியதாக இருந்தால் விகிதம் பெரிதாகத் தெரியும், அவ்வளவே. வகுப்பில் ஒரே ஒரு உதாரணம்தான் காட்டலாம் என்றால் நான் இதைத்தான் காட்டுவேன்.

இரண்டு வீதங்களை வகுத்துவிட்டு ‘ஹசார்டு ரேஷியோ ஏன் ஒத்துவரவில்லை?’ என்று குழம்புபவர்களும் உண்டு. இதயத் தமனி நோயை எடுத்துக்கொள்வோம். மருந்துப் பிரிவில் 164 பேர், மற்றதில் 122 பேர். இவற்றை அப்படியே வகுத்தால் 1.34. இது தப்பான கணக்கு. மருந்துப் பிரிவில் 8,506 பேரும் மற்றதில் 8,102 பேரும் இருந்தார்கள், கவனித்த காலமும் ஒன்றில்லை. சரி, அச்சிட்ட வீதங்களை வகுக்கலாம்: 37, 30. விடை 1.23. ஆனால் இவை முழு எண்ணாக்கிய வீதங்கள். ஆட்களின் எண்ணிக்கையையும் கவனித்த காலத்தையும் வைத்து முழுமையாக வகுத்தால் 1.26 பக்கம் வரும். வெளியான ஹசார்டு ரேஷியோவோ 1.29. வயது, முன்பே அந்த நோய் இருந்ததா என்பது போன்றவற்றைப் பிரிவு பிரிவாக ஒப்பிட்டுக் கணித்த எண் அது. இங்கே யாரும் தப்புக் கணக்கு போடவில்லை. ஹசார்டு ரேஷியோவைக் கணிக்கப் பயன்படும் காக்ஸ் மாதிரி (Cox model) என்ற புள்ளியியல் முறை, ஒவ்வொரு நிகழ்வின்போதும் ‘இதுவரை நோய் வராமல் இன்னும் கவனிப்பில் இருப்பவர்கள் யார்?’ என்று கேட்டு ஒப்பிடுகிறது. வீத விகிதமோ ஒவ்வொரு பிரிவிலும் மொத்த நிகழ்வுகளை மொத்த ஆள்-ஆண்டுகளால் (ஒவ்வொருவரையும் கவனித்த ஆண்டுகளின் கூட்டுத்தொகையால்) வகுத்து, அந்த இரண்டு வீதங்களை ஒப்பிட்டுவிட்டுப் போகிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வரலாம், ஆனால் தசமப் புள்ளி வரை ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

ஆள்-ஆண்டு என்ற அலகிலேயே இன்னொரு சிக்கல் இருக்கிறது. 10,000 பேரை ஓராண்டு கவனித்தாலும் 2,000 பேரை ஐந்தாண்டு கவனித்தாலும் அது 10,000 ஆள்-ஆண்டுதான். நோய் வரும் வேகம் காலத்தோடு மாறாவிட்டால் இதில் தொல்லையில்லை. ஆனால் இந்த ஆய்வில் மார்பகப் புற்றுநோய்க்கு இரு பிரிவிலும் நோய் வந்தவர்களைக் காலவாரியாக வரைந்த இரண்டு கோடுகளும் முதல் நான்கு ஆண்டுகள் ஏறக்குறைய ஒட்டியே போயின, பிறகுதான் மருந்துப் பிரிவின் கோடு வேகமாக ஏறியது. ‘ஆண்டுக்கு 8 கூடுதல்’ என்பதை முதல் ஆண்டுக்கும் அப்படியே பொருத்தினால் தப்பு, ஆறாம் ஆண்டுக்குப் பொருத்தினாலும் தப்பு.

இதய நோயில் கதை நேர் எதிர். மேலே சொன்ன 1.29 முதலில் வெளியான எண்; 2003-ல் வெளியான இறுதித் தரவில் சராசரி ஹசார்டு ரேஷியோ 1.24. ஆண்டுவாரியாகப் பிரித்தால் முதல் ஆண்டில் 1.81, ஐந்தாண்டு கடந்தபின் 0.70. உடனே ‘ஐந்தாண்டு தாங்கிவிட்டால் மருந்து இதயத்தைக் காக்கும்’ என்று முடிவு கட்டத் தோன்றும். இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்கள் மருந்துப் பிரிவில் முதல் ஆண்டிலேயே அதிகமாகப் பாதிக்கப்பட்டு கணக்கிலிருந்து விலகிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாண்டுக்குப் பின் அந்தப் பிரிவில் மிஞ்சியிருப்பவர்கள் சராசரியில் வலுவானவர்கள். எதிர்ப் பக்கம் அந்த வடிகட்டல் அந்த அளவுக்கு நடக்கவில்லை. தொடக்கத்தில் குலுக்கல் முறையில் பிரித்ததால் கிடைத்த சமநிலை அப்போது இருக்காது. அதனால் மருந்து எந்த நன்மையும் செய்யாவிட்டாலும் 0.70 மாதிரி ஓர் எண் வரலாம். இந்த நிலையில் ஒற்றை ஹசார்டு ரேஷியோவை நம்பாமல், அந்தந்த ஆண்டு முடிவில் இரு பிரிவிலும் நோய் இல்லாமல் இருப்பவர்கள் எத்தனை சதவீதம் என்று வரைந்து பார்ப்பதே நல்லது.

கடைசியாக, வீதத்தை வேறு ஆட்களிடம் அப்படியே கொண்டுபோவது. ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. இரவில் வியர்த்து எழுந்து தூங்க முடியாமல் வரும் 51 வயதுப் பெண்ணிடம் இதய நோய்க்கு ‘10,000-க்கு 37’ என்று சொன்னால் அது அவருக்கான எண் இல்லை. இதய நோய், பக்கவாதம் இரண்டுக்கும் அவருடைய அடிப்படை வீதம் ஆய்வின் சராசரியைவிடக் குறைவு. முதலில் அவருடைய வயதுக்கான அடிப்படை வீதத்தைத் தேடி எடுங்கள். அப்புறம் ஹசார்டு ரேஷியோவைப் பெருக்கிப் பார்க்கலாம், அதுவும் அந்த விகிதம் அவர் வயதிலும் மாறாமல் இருக்கும் என்று நம்பக் காரணம் இருந்தால் மட்டும்.