ஓல்டு கோர்ஸைப் பார்க்கப் போகிறீர்களா?

கீழக்கரை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பிள்ளைகளைப் பார்க்க ஸ்காட்லாந்து போகிறவர்கள், கோல்ஃப் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரிலுள்ள ஓல்டு கோர்ஸ் என்கிற பழைய கோல்ஃப் மைதானத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமைதான் தோது. அன்று வழக்கமாக ஆட்டம் கிடையாது, ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு புல்வெளி முழுக்க உலாவுவார்கள், நீங்களும் டிக்கெட் இல்லாமல் நடக்கலாம். பெரிய போட்டி நடக்கும் சமயம் மட்டும் இது மாறும். ஊருக்குள் ரயில் இல்லை, எடின்பரோவிலிருந்து வந்தால் லூக்கர்ஸில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும்.

எல்லோரும் படம் எடுக்கிற ஸ்வில்கன் பாலம் 18-ஆவது குழிக்குப் போகும் வழியில் இருக்கிறது. பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், நம்மூர் வாய்க்காலில் போட்ட கல்பாலம் அளவுதான்! அதைவிட 17-ஆவது குழியை ஒட்டிய மணல் பள்ளத்தைப் பாருங்கள், அதன் கரை சுவர் மாதிரி நிற்கும், பெரிய பெரிய ஆட்டக்காரர்களே அதில் மாட்டித் திணறியிருக்கிறார்கள். உள்ளே மட்டும் இறங்க வேண்டாம், கொடிக்கம்பம் நிற்கும் வழவழப்பான புல்லையும் மிதிக்க வேண்டாம்.

பாம்பன் காற்றையே பார்த்தவர்கள்தானே என்று வெறும் சட்டையோடு போய்விடாதீர்கள், அங்கே அடிப்பது குளிர்காற்று.

ஆடவே ஆசையா? உங்கள் ஆட்டத் திறனைக் காட்டும் ஹேண்டிகேப் சான்றிதழ் வேண்டும், அப்புறம் ஆட இடம் கிடைக்க இரண்டு நாள் முன்பே குலுக்கலில் பெயர் கொடுக்க வேண்டும்.