மூச்சை இறுகப் பிடித்ததால் வந்த நெற்றி வலி

மூச்சைக் கவனிக்கும் பௌத்தப் பயிற்சியான ஆனாபானசதி தியானத்தில் மூக்கு நுனியிலேயே கவனத்தை அழுத்தி வைத்துப் பல மாதங்கள் பயின்றதால், அமர்ந்த 10 நிமிடங்களுக்குள் நெற்றி இறுகி, மூச்சே செயற்கையாகிவிடும். இப்பயிற்சியை விளக்கும், புத்தரின் பாலி உரைத்தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தின் 118ஆவது சூத்திரத்தை மீண்டும் படித்தபோதுதான், அதன் 16 படிகளில் மூன்றாவது முழு உடலையும் உணர்ந்தபடி மூச்சு விடவும் (இதனை மூச்சின் முழு ஓட்டம் என்று கொள்ளும் உரைமரபும் உண்டு), நான்காவது உடலியக்கத்தை அமைதிப்படுத்தவும் பயிலச் சொல்வது மனத்தில் உறைத்தது. தளர்வு தானாக வரும் என்று நான் காத்திருந்தது பெரும் பிழை.

அதன்பின் ஒவ்வொரு வெளிமூச்சிலும் தாடை, தோள், வயிறு ஆகியவற்றைத் தளர்த்தி, மூச்சு நெடியதா குறியதா என்பதை மட்டும் அறிந்து, விலகிய மனத்தைக் கடியாமல் அழைத்து வந்தேன். மூன்று வாரங்களில் வலி நின்றது. வீணை நரம்பு மிக இறுகவும் மிகத் தளரவும் கூடாது என்று புத்தர், அளவுமீறி முயன்ற தம் சீடரான துறவி சோணருக்குக் கூறியதை நினைவிற்கொண்டு, தூக்கம் கவியும் நாள்களில் உள்மூச்சின் தொடக்கத்தைச் சற்றுக் கூர்ந்து கவனிக்கிறேன்.