பிரஷர் பம்ப் சும்மா சும்மா ஓடுகிறதா? முதலில் முள்ளைப் பாருங்கள்

வேலூரின் சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் மாடி வீடு கட்டுகிறவர்கள் பலர், குழாயில் தண்ணீரின் அழுத்தத்தைக் கூட்டும் பிரஷர் பம்பும் இப்போது சேர்த்தே வைக்கிறார்கள். கணக்கு எளிது. தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் குழாயில் 1 கிலோ அழுத்தம் கிடைக்கும். மேல் மாடிக் குளியலறைக்கும் மொட்டை மாடித் தொட்டிக்கும் இடையே 3 மீட்டர் தேறுவதே கஷ்டம்.

அழுத்தம் குறைந்ததும் "மோட்டார் போய்விட்டது, புதிது போடுங்கள்" என்ற தீர்ப்பு வந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரைக் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும். உருண்டைத் தொட்டியும், அழுத்தத்தை முள்ளால் காட்டும் மானியும் உள்ள பம்புக்கான வழி இது. டயர் காற்று அளக்கும் கருவி, பைக் டயருக்குக் காற்றடிக்கும் பம்ப், ஒரு புட்டி சொட்டு நீலம் போதும்.

படி 1: மோட்டார் எந்த எண்ணில் ஓடத் தொடங்குகிறது, எதில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 1.4 கிலோவில் தொடங்கி 2.8இல் நிற்கும்படி அமைத்த சுவிட்சுகள் அதிகம். முள் சரியாக இருந்தும் ஒரு குழாயில் மட்டும் தண்ணீர் மெலிந்து வந்தால் அது அழுத்தக் குறைவே அல்ல, அடைப்பு. நம் ஊர் போர் தண்ணீரின் உப்பு குழாய் முனைச் சல்லடையில் வெள்ளையாகப் படிந்திருக்கும். கழற்றி வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தால் போய்விடும்.

படி 2: குழாய் திறந்திருக்கும்போது மோட்டார் சில விநாடிக்கொருமுறை நின்று நின்று ஓடினால், உருண்டைத் தொட்டியில் காற்று இறங்கியிருக்கிறது. அதற்குள் ஒரு ரப்பர் பை உண்டு. பைக்குள் தண்ணீர், வெளியே காற்று. குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் பாய்லருக்கும் இதே வகைத் தொட்டிதான். வேலூரில் அந்த வேலையை வெயில் இலவசமாகச் செய்துவிடுகிறது.

மின்சாரத்தை அணைத்து, மொட்டை மாடித் தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் வால்வை மூடி, குழாயைத் திறந்து, முள் பூஜ்யத்துக்கு வரும்வரை தண்ணீரை வடித்துவிடுங்கள். உருண்டைத் தொட்டிக்குள் தண்ணீர் இருக்கும்போது அளந்தால் அளவு தப்பாகும். பிறகு தொட்டியின் காற்று வால்வு மூடியைக் கழற்றி ஊசியை அழுத்துங்கள். தண்ணீர் பீறிட்டால் பை கிழிந்துவிட்டது. பல மாடல்களில் பையை மட்டும் மாற்றலாம். காற்று வந்தால் அளந்து பாருங்கள். மோட்டார் தொடங்கும் அழுத்தத்தைவிடச் சற்றே குறைவாக இருக்க வேண்டும். 1.4 கிலோ என்பது டயர் கருவி காட்டும் அளவில் 20 பி.எஸ்.ஐ.; ஆகவே 18 வரை காற்றடித்து, மூடிய வால்வைத் திறந்துவிட்டால் சரி.

படி 3: யாரும் குழாயைத் திறக்காமலே நள்ளிரவில் மோட்டார் ஓடுகிறதா? எங்கோ தண்ணீர் நழுவுகிறது. வீட்டுக்குள் போகும் வால்வை மூடி, மோட்டார் தானாக நின்றதும் மின்சாரத்தை அணைத்துவிட்டு, கால் மணி நேரம் முள்ளைக் கவனியுங்கள்.

முள் இறங்கினால் கோளாறு பம்ப் பக்கம். இணைப்புகளை உலர்ந்த காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால், மின்சாரம் அணைந்த நிலையிலேயே மொட்டை மாடித் தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் வால்வையும் மூடுங்கள். இப்போது முள் நின்றுவிட்டால், தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்க வேண்டிய என்.ஆர்.வி. வால்வு வழியாகவே அது பின்னோக்கிப் போகிறது. பெரும்பாலும் அதன் வாயில் மணலோ உப்புச் செதிலோ சிக்கியிருக்கும். கழுவி மாட்டினாலே தீரலாம். மோட்டாரைப் போடுமுன், மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் வால்வைத் திறக்க மறக்காதீர்கள்.

முள் அசையாமல் நின்றிருந்தால் கசிவு வீட்டுக்குள். என் சந்தேகம் எப்போதும் கழிப்பறைப் பிளஷ் டேங்க் மேல்தான். அதில் சொட்டு நீலம் கலந்து, அரை மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் விடுங்கள். கோப்பையில் நீலம் இறங்கினால் அடி ரப்பரை மாற்றுங்கள். அடுத்து கீசரின் பாதுகாப்பு வால்வு. தண்ணீர் சூடாகும்போது சொட்டுவது இயல்பு. ஆறிய பின்னும் சொட்டினால் வால்வை மாற்ற வேண்டும். எக்காரணம் கொண்டும் அதை அடைத்துவிடாதீர்கள், கீசர் வெடிக்கும்.

இரண்டும் சரி என்றால், வீட்டுக்குள் போகும் வால்வைத் திறந்துவிட்டு, ஒவ்வொரு குளியலறை வால்வாக மூடி முள்ளைப் பாருங்கள். எதை மூடியதும் முள் நிற்கிறதோ, அந்தக் கிளையில்தான் கசிவு. சுவருக்குள் போகும் பைப்பாக இருந்தால் பிளம்பரை அழைக்கத்தான் வேண்டும். எந்தக் கிளை என்று காட்டிவிட்டால், அவர் மற்ற சுவர்களில் கை வைக்க வேண்டியதில்லை.