லிசா லார்சனின் பீங்கான் விலங்குகள்: அடையாளம் காண்பதும் பேணுவதும்

வெளிநாட்டு மருத்துவமனைகளிலும் கப்பல்களிலும் வேலை பார்த்தவர்கள் கொண்டுவந்த பொருள்கள் குமரி மாவட்டத்து வீடுகளின் கண்ணாடி அலமாரிகளில் நிறைய உண்டு. குளச்சலில் எங்கள் வீட்டிலும், ஸ்வீடனில் செவிலியராக இருந்த என் அத்தை கொண்டுவந்த, பெரிய பிடரி முகத்தைச் சூழ்ந்த பழுப்புச் சிங்கம் ஒன்று பல ஆண்டுகள் பெயர் தெரியாமலே நின்றது. அதை வடிவமைத்தவர் லிசா லார்சன். 1931-இல் பிறந்த அவரை ஸ்டிக் லிண்ட்பெர்க் என்னும் கலைஞர் 1954-இல் ஸ்டாக்ஹோமுக்கு அருகிலுள்ள குஸ்தாவ்ஸ்பெர்க் பீங்கான் ஆலைக்கு அழைத்துக்கொண்டார். லார்சன் 1980 வரை அங்கே பணியாற்றி, 2024-இல் காலமானார்.

இத்தகைய உருவம் கையில் கிடைத்தால், துடைப்பதற்கு முன்பே அதைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். குஸ்தாவ்ஸ்பெர்க் என்ற பெயரோ, நங்கூரச் சின்னமோ, லிசா எல். என்ற கையொப்பமோ இருக்கலாம். பல உருவங்களில் ஒட்டுத்தாள் மட்டுமே இருந்ததால், முத்திரை இல்லை என்பதற்காகவே போலி என்று ஒதுக்கிவிடக் கூடாது. கே-ஸ்டூடியோன் என்ற சொல் இருந்தால், அது 1992-இல் தொடங்கிய சிறு பட்டறையின் பிற்காலத் தயாரிப்பு. 'ஆப்பிரிக்கா' வரிசையில் 1964-இல் வந்த சிங்கம் பல அளவுகளில் இன்றும் அங்கே செய்யப்படுகிறது. ஆகவே உருவம் ஒத்திருப்பதை மட்டும் வைத்து வயதைக் கணிக்க இயலாது.

அடுத்து, விரல் நகத்தால் மெல்லத் தட்டுங்கள். மந்தமான ஒலி வந்தால் விரிசல் இருக்கக்கூடும். கள்ளநோட்டைக் கண்டறியப் பயன்படும் புற ஊதா விளக்கை இருட்டில் காட்டினால், ஒட்டவைத்த பசையும் மறுபூச்சும் பெரும்பாலும் வேறு நிறத்தில் ஒளிரும். காது, வால் நுனிகளில் இதைப் பொறுமையாகச் செய்ய வேண்டும்.

சுத்தம் செய்வதில்தான் நான் தவறினேன். ஒரு பொங்கலுக்கு வீட்டைக் கழுவியபோது சிங்கத்தைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தேன், ஒட்டுத்தாள் கரைந்துபோயிற்று. அந்த இழப்பு இன்றும் வருத்துகிறது. இவை மீன்குழம்புச் சட்டியைப் போன்ற மண்பாண்டங்கள் அல்ல. அதிக வெப்பத்தில் சுடப்பட்ட ஸ்டோன்வேர் என்பதால் நீரை அவ்வளவாக உறிஞ்சுவதில்லை. ஆனாலும், பளபளப்புப் பூச்சு இல்லாத சொரசொரப்பான இடங்களில் எண்ணெய்ப்புகையும் தூசும் பிடித்துக்கொள்ளும். மென்மையான தூரிகையால் தூசைத் தட்டியபின், பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் பருத்தித் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, ஒட்டுத்தாளைத் தொடாமல் ஒற்றி எடுங்கள். குத்துவிளக்குக்குப் போடும் புளியையோ எலுமிச்சையையோ இவற்றிடம் கொண்டுபோகவே வேண்டாம்.

கடலோர வீடுகளில் உப்புக்காற்று படியாதபடி மூடிய அலமாரியில் வையுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் ஆனி, ஆடி மாதங்களில் வீசும் காற்று சன்னலோரத்தில் இருப்பதைத் தள்ளிவிடும். ஆதலால் உள்தள்ளிய தட்டில், கம்பளித் துண்டின்மேல் நிறுத்துவது நல்லது. எடுக்கும்போது தலையையோ வாலையோ பிடிக்காமல், இரு கைகளாலும் உடலைத் தாங்கி எடுங்கள்.

கொண்டுவந்தவர் உயிருடன் இருக்கும்போதே, எந்த ஊரில், எந்த ஆண்டில் வாங்கினார் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி, உருவத்தில் ஒட்டாமல் அதன் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.