லொறிச் சாரதிகளுக்கு மது, போதைச் சோதனை: சின்ன யார்டில் தொடங்குவது எப்படி

சீனக்குடாப் பக்கம் மாவோ சீமெந்தோ ஏற்றிக்கொண்டு விடியமுன் நாலு மணிக்கே கந்தளாய், ஹபரணை தாண்டிக் கொழும்புக்கு ஓடும் லொறிகள் திருகோணமலையில் நிறைய. இருட்டில் யானை குறுக்கே வரும் பாதை அது. பெரிய கம்பனிகளுக்குச் சோதனை செய்ய ஆள் இருக்கும். இரண்டு மூன்று லொறி வைத்திருக்கும் முதலாளிமாருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் விதியை எழுதுங்கள், கருவி அப்புறம். ஒரு பக்கம் போதும், தமிழிலும் சிங்களத்திலும். யாருக்குச் சோதனை, எப்போது, சோதனையில் தோற்றால் என்ன நடக்கும் என்று வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். இலங்கைச் சட்டத்தில் 100 மி.லீ. இரத்தத்துக்கு 0.08 கிராம் என்பது பொலிஸின் எல்லை. பாரம் ஏற்றிய லொறிக்கு அதை உங்கள் எல்லையாக வைக்காதீர்கள். அமெரிக்காவில் கனரக வாகனச் சாரதிக்கு 0.04 வந்தாலே சோதனையில் தோல்விதான், 0.02 தொட்டாலே 24 மணி நேரம் ஓடவிடமாட்டார்கள். யார்டுக்கு 0.02 சரியான கோடு என்பது என் எண்ணம்.

யாரைச் சோதிப்பது என்பதில் முகம் பார்க்கக் கூடாது. எல்லோர் பெயரையும் துண்டில் எழுதி டின்னில் போட்டு, எல்லோரும் பார்க்க எடுங்கள். இடையில் ஸ்டியரிங் பிடிக்கும் கிளீனர் பெயரும் அதில் இருக்க வேண்டும், நீங்களும் ஓட்டுவீர்கள் என்றால் உங்கள் பெயரும்.

அடுத்தது ஊதும் சோதனை. 'ஃபியூவல் செல்' வகைக் கருவியாகப் பார்த்து வாங்குங்கள், மலிவான மற்ற வகை காலப்போக்கில் கண்டபடி எண் காட்டும். கையேட்டில் சொன்ன காலத்துக்கு ஒருமுறை அளவு சரிபார்க்கக் கொடுக்க வேண்டும். ஊதும் குழாய் ஆளுக்குப் புதிது, அவர் கண்முன்னே உறை பிரித்தது. வாய் கொப்பளிக்கச் சொல்லி 15 நிமிடம் இருத்துங்கள், அதற்குள் வெற்றிலை, சிகரெட், தேநீர் எதுவும் வேண்டாம். வயிற்றுக்கு என்று அரிஷ்டம் குடித்தவர், வாய் கழுவும் மருந்து பாவித்தவர் இவர்களுடைய வாயில் தங்கிய மதுவே எண்ணை ஏற்றிவிடும். அந்த 15 நிமிடத்தில் அது போய்விடும், இரத்தத்தில் இருப்பது போகாது. பிறகு சத்தம் வரும்வரை ஒரே சீராக ஊதச் சொல்லி, எண்ணை அவருக்கே காட்டி, நேரத்தோடு எழுதுங்கள்.

0.02 அல்லது அதற்கு மேல் வந்தால் உடனே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். இன்னொரு 15 நிமிடம் விட்டு மறுபடி ஊதச் சொல்லுங்கள், அந்த இரண்டாவது எண்தான் முடிவு.

இங்கே ஒரு கணக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நேர்மையான சாரதிகளே இதில்தான் மாட்டுகிறார்கள். உடம்பு மணிக்கு ஏறத்தாழ 0.015 அளவில்தான் மதுவைக் கழிக்கும். இரவு 11 மணிக்கு ஒருவருக்கு 0.12 இருந்தால் விடிய 4 மணிக்கு இன்னும் 0.045 மிச்சம். தூங்கி எழும்பி, குளித்து, பிளேன்டீ குடித்து, தெளிந்துவிட்டேன் என்று மனதார நம்பித்தான் வருவார். குளிப்பும் தேசிக்காயும் அந்தக் கணக்கை மாற்றாது. இதைச் சோதனை தொடங்க முதலே எல்லோருக்கும் விளங்கப்படுத்துங்கள்.

ஐஸ் (மெதம்பெட்டமின்), தூள் (ஹெரோயின்), கஞ்சாவுக்குச் சிறுநீர்ச் சோதனைப் பட்டி. போத்தலைக் கொடுத்துவிட்டுக் கதவுக்கு வெளியே நில்லுங்கள், பக்கத்தில் நின்று பார்ப்பது அவமானம். வாங்கி 4 நிமிடத்துக்குள் சூடு பாருங்கள், 32 முதல் 38 பாகைக்குள் இருந்தால் அப்போது எடுத்தது என்று நம்பலாம். வாசிப்பதில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். இது கர்ப்பப் பட்டிக்கு நேர் எதிர். இரண்டு கோடு என்றால் போதைப்பொருள் பிடிபடவில்லை, இரண்டாவது கோடு மங்கலாக இருந்தாலும் அப்படித்தான். பட்டி வேலை செய்கிறது என்று காட்டும் 'சி' கோடு மட்டும் வந்தால் சந்தேகம். 'சி' கோடே வராவிட்டால் அந்தப் பட்டி செல்லாது, புதிது எடுங்கள்.

சந்தேகம் என்றுதான் சொன்னேன், குற்றம் என்று சொல்லவில்லை. கொடீன் சேர்ந்த இருமல் மருந்தும், சில தடிமன் மாத்திரைகளும் பட்டியை ஏமாற்றும். ஆய்வுகூடத்தில் உறுதிப்படுத்தி, என்ன மருந்து எடுக்கிறார் என்று ஒரு டொக்டர் கேட்டுப் பார்க்கும்வரை வேலையை விட்டு நிறுத்தாதீர்கள், லொறியை மட்டும் கொடுக்காதீர்கள். கஞ்சா தினமும் பாவிப்பவர் விட்டு வாரக்கணக்கிலும் சிறுநீரில் தெரியும், ஐஸ் சில நாளில் மறைந்துவிடும். ஆகவே பட்டி சொல்வது பாவித்தாரா என்பதை, இந்த நிமிடம் மயக்கத்தில் இருக்கிறாரா என்பதை அல்ல.

சோதனையில் தோற்றவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். மோட்டார் சைக்கிளிலும் அனுப்பாதீர்கள், ஓட்டோ பிடித்து வீட்டில் விடுங்கள். பதிவுப் புத்தகம் பூட்டிய லாச்சியில். "முதலாளி, ராத்திரி கொஞ்சம் போட்டுட்டேன், இண்டைக்கு வேற ஆளை அனுப்புங்கோ" என்று ஊத முன்பே சொல்பவருக்குச் சம்பளத்தில் கை வைக்காதீர்கள். வைத்தால் அடுத்த முறை யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

தினமும் குடிக்கிற ஒருவர் பயந்துபோய் "இன்றோடு விட்டேன்" என்றால், அவரை முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கத்தில் தொடங்கி வலிப்புவரை போகலாம், உயிருக்கே ஆபத்து, அதை டொக்டர் மருந்து கொடுத்துத்தான் இறக்க வேண்டும். போதைப்பொருள் என்றால் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசகர்களிடம் பேசலாம். அவர் திரும்பி வரும்வரை யார்டில் ஏற்றி இறக்கும் கணக்கு எழுத ஒரு வேலை கொடுத்து வையுங்கள்.