ஏற்காட்டுப் பழைய பங்களாவில் கை வைக்குமுன்

போன மாதம் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் பங்களாவுக்குப் போயிருந்தேன். இரண்டு இளம் கொத்தனார்கள் பழைய காரையைக் கொத்திப்போட்டுவிட்டு சிமென்ட் குழைத்துக்கொண்டிருந்தார்கள். பதினைந்து வருடம் முன்பு நானும் அதையேதான் செய்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். யாருக்கும் தெரிந்த சின்னத் தப்புகளை விட்டுவிடுகிறேன்; பழைய வீட்டைப் பழுதுபார்க்கும்போது செய்யக்கூடாத பெரிய தப்புகளை மட்டும் கீழே சொல்கிறேன்.

சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசுவது

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காபி பயிரிட வைத்தார். அதற்கப்புறம் இங்கே எழுந்த பழைய தோட்ட வீடுகளின் சுவர் கல்லோ செங்கல்லோ, கட்டுமானம் சுண்ணாம்புக் காரைதான். அது ஈரத்தைக் குடிக்கும். வெயில் அடித்தால் வெளியே விட்டுவிடும். 1500 மீட்டர் உயரத்தில், மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும் ஊரில், அந்தக் குணம்தான் வீட்டைக் காப்பாற்றுகிறது. மேலே சிமென்ட் ஏறினால் உள்ளே போன ஈரத்துக்கு வெளியேற வழியில்லை.

நான் பூசிய சுவர் முதல் வருடம் பளிச்சென்று இருந்தது. அடுத்த மழைக்கு முழங்கால் உயரத்தில் வெள்ளையாக உப்பு பூத்தது. மூன்றாம் வருடம் பூச்சைத் தட்டினால் பொள்ளலாகச் சத்தம் கேட்டது. அது பாளமாகப் பெயர்ந்தபோது செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வந்தது. விரலால் தேய்த்தால் செங்கல் மாவாக உதிர்ந்தது. வீட்டுக்கார அம்மா என்னைத் திட்டவில்லை; பேசாமல் முறத்தில் அந்தப் பொடியை அள்ளினார். இன்றைக்கும் அது மனதை அறுக்கிறது.

முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். உடைந்த கூரை ஓடுகளை மாற்றுங்கள். சுவரோரம் மண் ஏறியிருந்தால் வெட்டி இறக்குங்கள். அப்புறம் நீற்றிய சுண்ணாம்பை வாரக்கணக்கில் ஊறவைத்து, மணலும் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து, மெல்லிய பூச்சாக ஒன்றன்மேல் ஒன்று போடுங்கள். கூலி கூடும், நாளும் ஆகும். "ரெண்டே நாள்ல முடிச்சிடலாம் சார்" என்கிற மேஸ்திரியிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

புகைபோக்கியை அடைப்பது

கணப்பு எரிக்காவிட்டாலும் அறையின் ஈரக்காற்று அந்த வழியாகத்தான் மேலே போகிறது. மழை இறங்காமல் மேலே ஒரு கல்மூடி வையுங்கள், பக்கங்களைத் திறந்தே விடுங்கள்.

பழைய தேக்குச் சன்னலுக்குப் பதில் அலுமினியம்

வேண்டாம்.

காபிக் களத்தை மட்டப்படுத்துவது

காபிக்கொட்டை காயப்போடும் களம் சரிவாக இருப்பது மழைத்தண்ணீர் வடிவதற்கு. கார் நிறுத்த வசதியாக இருக்கட்டும் என்று சமப்படுத்தினால், அந்தத் தண்ணீர் நேராக வீட்டு அடித்தளத்துக்குத்தான் வரும்.